கால்களை வேலைக்கு அனுப்பிய பொலிஸ்காரர்

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் என்று கேட்பவர்களிடம் அம்மாவின் நோய் வருத்தத்தைச் சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைக் கடந்து தோணியில் போக வேண்டியிருந்தது. மட்டக்களப்பு வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். அந்தத் தோணி ஒருநாள் கவிழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தோணி கவிழவே இல்லை. என்னோடு படித்தவர்கள் அதிலேயே போய், அதிலேயே வந்து, படித்து முடித்தார்கள். நான் கரையில் நின்று இன்றைக்குக் கவிழும், நாளைக்குக் கவிழும் என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட நான் விமானம் ஏறிக் குவைத்துக்குப் போனேன். துணிச்சலில் போகவில்லை. விமானம் விழுந்துவிடும் என்ற பயத்தைவிட, ஊரில் இருந்தால் மகளுக்கு ஒன்றும் செய்துகொடுக்க ஏலாது என்ற பயம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுடைய அப்பா வேறொருத்தியோடு போய்விட்டிருந்தார். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயல் வட்டை ஓரத்தில் இருக்கும் அக்காவின் வீட்டில் மகளை விட்டேன். கிணறு, பாம்பு, காய்ச்சல், மின்னல், ஆமி ட்ரக், உழவு மெஷின் என்று என்னுடைய பயங்கள் ஒவ்வொன்றையும் அக்காவிடம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரியாது. மகள் என்னை மறந்துபோனால்?

வேலைக்குப் போன வீடு ஏழாம் மாடியில் இருந்தது. மேடம் காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். அவருடைய கணவர் பெரும்பாலும் வெளிநாட்டில். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். பிறந்ததிலிருந்து நடக்க ஏலாதவள். சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். என்னை எடுத்தது அவளுக்காகத்தான். அவளைத் தூக்க, குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற, தலை சீவ, ஊட்ட.

முதல் நாள் மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். பல்கனிக் கதவடியில் நின்று விரலை ஆட்டி, "மம்னூ" என்றார். மருந்து அலுமாரிக்கு முன்னால் நின்று மறுபடியும் "மம்னூ". அடுப்பை எரியவிட்டு அப்பால் போவதுபோல் நடித்துக் காட்டி, "மம்னூ, மம்னூ". முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு அரபு ஒரு சொல்லும் தெரியாது. ஊரில் பயிற்சி வகுப்பில் இரண்டு கிழமை சொல்லித்தந்தது எல்லாம் விமானத்தில் எடுத்த வாந்தியோடு போயிருந்தது.

அன்று பின்னேரம் பிள்ளை டிவியைப் போட்டாள். ஒரு கார்ட்டூன். அதில் வந்த ஊரைப் போல ஒரு ஊரை நான் கண்டதில்லை. அங்கே வீடுகளுக்குக் கால் இருந்தது. ஒரே இடத்தில் இருந்து அலுத்துப்போனால் வீடு எழும்பி அடுத்த தெருவுக்குப் போய்விடும். உள்ளே இருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு நடுத்தெருவில் நிற்பார்கள். மீன்கள் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றன. சந்தி விளக்கு பச்சையும் காட்டாமல் சிவப்பும் காட்டாமல் கொட்டாவி விட்டது. ஒரு மலை தும்ம, எல்லாருடைய தொப்பியும் பறந்தது.

இந்த ஊரைக் கட்டிக்காக்க ஒரே ஒரு பொலிஸ்காரர். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தார். மீசை பெரிது. நாற்காலியின் முதுகில் ஒரு நீல விளக்கு சுற்றும். மடியில் கட்டம் போட்ட போர்வை ஒன்று கிடந்தது; அது தட்டையாகத் தொங்கியதால் உள்ளே கால் இல்லை என்று தெரிந்தது. சில்லு கிறீச்சிட வருவார், கையைத் தூக்குவார், "மம்னூ!" என்று கத்துவார். ஓடிய வீடு அப்படியே குந்திவிடும்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பொலிஸ்காரருடைய பெயர் மம்னூ. சோறு தின்னாத பிள்ளையை நாங்கள் "பொலிஸ் வருது" என்று வெருட்டுவதைப் போல, மேடம் அவருடைய பெயரைச் சொல்லி என்னை வெருட்டியிருக்கிறார். இது வெறும் கார்ட்டூன் என்று தெரியாதவள் இல்லை நான். ஆனால் அந்தப் பெயரில் நிசமாகவே ஒருவர் கீழே எங்கேயோ இருக்கிறார், பல்கனியைத் திறந்தால் லிப்டில் ஏறி வருவார் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் அப்படி நினைத்தேன். லிப்ட் கிறீச்சிட்டால் ஓடிப்போய்ப் பல்கனிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் டெலிபோன் எனக்கு. கிழமை முழுக்க அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். வந்ததும் அது இப்படித்தான் போகும்:

"சாப்பிட்டியா மகள்?"

"ஓம்."

"என்ன கறி?"

"தெரியா."

"கிணத்தடிக்குப் போறல்லத்தானே?"

"இல்ல."

"மின்னினா உள்ளுக்க வந்திரணும், என்ன?"

"ம்."

"செருப்புப் போட்டிரிக்கியா?"

அதற்குப் பிறகு டெலிபோனில் கோழி கொக்கரிக்கும் சத்தம்தான் கேட்கும். மகள் வைத்துவிட்டு ஓடியிருப்பாள். அக்கா வந்து எடுத்து ஏசுவாள்.

"நீ புள்ளைக்கிட்டக் கதைக்கிறியா, வாக்குமூலம் எடுக்கிறியா? வெள்ளிக்கிழம எண்டாலே அவள் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கிறாள்கா."

எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. பயப்படுவதுதான் எனக்குத் தெரிந்த அன்பு. ஒரு வெள்ளிக்கிழமை, மகள் ஓடிவிடுவாள் என்ற அவசரத்தில், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மகள், இஞ்ச ஒரு ஊர் இரிக்கு. அந்த ஊர்ல வீடெல்லாம் நடக்கும்."

கோழிச் சத்தம் கேட்கவில்லை.

"வீட்டுக்குக் கால் இரிக்கா?"

"இரிக்கு. நாலு கால். அங்க பொலிசுக்குத்தான் கால் இல்ல."

"மறுகா?"

பிறகு என்பதை எங்கள் ஊரில் மறுகா என்போம். எத்தனையோ தடவை கேட்ட சொல். ஆனால் என் மகள் என்னைப் பார்த்து எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. ஓம், இல்லை, தெரியா என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள் அந்த ஒரு சொல்லால் கதவைத் திறந்தாள். நான் சொன்னேன். மறுகா? சொன்னேன். மறுகா? ஒரு மணித்தியாலம் முடிந்ததே தெரியவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக்குக் கதை சேர்ப்பதே என் வேலை. கார்ட்டூனில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாததால் நானே பேச்சை உண்டாக்கினேன். ஊரும் மெல்ல மெல்ல எங்கள் பக்கத்துக்கு நகர்ந்து வந்தது. மீன்கள் காத்தான்குடிக் கடையில் சாரி எடுக்கப் போயின. ஒரு வீடு பாலத்தில் ஏறி நடுவில் நித்திரையாகிவிட, இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிட்டது. பொலிஸ்காரர் விசில் ஊதி, "கிறுகு, கிறுகு, இந்தப் பக்கம் கிறுகு" என்று வீட்டைத் திருப்பி அனுப்பினார். அவர் யாரையும் அடிக்கமாட்டார். பிழை செய்தவர் அவருடைய நாற்காலியைப் பாலத்தின் ஏற்றத்தில் தள்ளிவிட வேண்டும், அதுதான் தண்டனை. மம்னூ என்று நான் சொன்ன பெயர் மகளின் வாயில் மம்மணி ஆகியது.

"அம்மா, மம்மணிக்கு ஏன் கால் இல்ல?"

விபத்து என்று சொன்னால் பிள்ளை பயப்படும். நோய் வருத்தம் என்றாலும் பயப்படும்.

"கால வேலைக்கு அனுப்பியிரிக்காரு."

"எங்க?"

"கடலுக்கு அங்கால."

"கால் மட்டுமா போன?"

"ஓம். அவரும் போனா ஊரப் பாக்க ஆளில்லையே. அதால கால மட்டும் அனுப்பின."

"கால் கோல் எடுக்குமா?"

"வெள்ளிக்கிழமையில எடுக்கும்."

"காலுக்கு வாயில்லையே!"

"வாயில்லத்தான். டக் டக் எண்டு மிதிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். அவருக்கு அது காணும், அதே போதும்."

"எப்ப வரும்?"

"அடுத்த வருசம்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

எதிர்வீட்டில் காத்தான்குடிப் பெண் ஒருவர் வேலை செய்தார். என்னைவிட மூத்தவர். குப்பை போடப் போகும்போது லிப்டில் சந்திப்போம். ஒருநாள் லிப்ட் கிறீச்சிட நான் சுவரோடு ஒட்டியதைப் பார்த்து, "என்னகா, பேயக் கண்டவள் மாதிரி?" என்றார். மம்னூ வருவாரோ என்று பார்த்தேன் என்றேன். யார் அது என்று கேட்டார். பல்கனியிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவர் குப்பைப் பையை வைத்துவிட்டு அதன்மேலேயே குந்திச் சிரித்தார்.

"அது ஆளில்லகா தங்கச்சி! செய்யப்படாதுண்டு சொல்றது. அல்லாவே, அஞ்சு மாசமா ஒரு சொல்லுக்குப் பயந்து கெடந்திரிக்காய்!"

அதற்குப் பிறகு என்னைக் காணும் நேரமெல்லாம், "உங்கட பொலிஸ் சுகமாயிருக்காரா?" என்றுதான் கேட்பார்.

மகளிடம் இதைத் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மம்மணி என்று ஆளே இல்லை, அது 'கூடாது' என்ற சொல் என்று எப்படிச் சொல்வது? அதற்கிடையில் மம்மணி ஊரெல்லாம் தெரிந்த ஆளாகிவிட்டார். கோயில் தேருக்குப் போய் வந்த அன்று அக்கா சொன்னாள்.

"உன்ட மகள் இண்டைக்கு என்ன செய்தாள் தெரியுமா? தேரடியில டியூட்டிக்கு நிண்ட பொலிசுக்கிட்டப் போய், 'மம்மணி மாமா, உங்கட கால் வந்திட்டா?' எண்டு கேக்கிறாள். அந்தாள் குனிஞ்சு தன்ட சப்பாத்தப் பாக்குது!"

நானும் சிரித்தேன். டெலிபோனை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். வந்திட்டா, வந்திட்டா என்று தண்ணீர்க் குழாயே கேட்டுக்கொண்டிருந்தது.

மகளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. கார்ட்டூனை நான் தனியே பார்ப்பதில்லை. மேடத்தின் பிள்ளை நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, தரை விரிப்பில் என் மடியில் தலை வைத்துத்தான் பார்ப்பாள். பொலிஸ்காரர் வருமுன்னே சில்லுச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்குவாள். அவர் கையைத் தூக்கும்போது அவளும் தூக்குவாள். அவரை ஊரில் ஒருவரும் பாவம் பார்ப்பதில்லை, அதுதான் அவளுக்குப் பிடித்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அவள் முகத்தை என் இடுப்பில் புதைத்துக்கொள்வாள். என் விரல் அவளுடைய முடிக்குள்தான் இருக்கும். என் மகளின் முடியில் அந்த வருடங்களில் யார் பேன் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கோல் எடுக்கும்போது டெலிபோனை என் வாயோடு ஒட்டிப் பிடிப்பேன். மகளின் குரல் கேட்கும் அளவுக்குப் பிள்ளை பக்கத்தில் இருப்பாள். சத்தம் போடக்கூடாது என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, அவளாகவே இருந்தாள். ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். என் தமிழ்க் கதையைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். துவாய்க்குள்ளிருந்து முகத்தை நீட்டி, "மறுகா?" என்றாள்.

ஏழாம் மாடியில், அந்தப் பளிங்குக் குளியலறையில், எங்கள் ஊர்ச் சொல். நான் சட்டை போட்டுவிட்டேன். "மறுகா?" சப்பாத்து மாட்டினேன். "மறுகா?" எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு யாருடைய சாமானையோ எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டவளைப் போலப் பயமாகவும் இருந்தது. அதன் பிறகு அவள் எதற்கும் அதைத்தான் சொன்னாள். மேடம் அதை அவளே உண்டாக்கிய சொல் என்று நினைத்தார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு தடவைதான் லீவில் வந்தேன், ஒரு மாதம். மகளுக்கு எட்டு வயது. நான் கொண்டுவந்த உடுப்பை எல்லாம் போட்டுப் பார்த்தாள், ஆனால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் என்னைப் பார்த்தாள். அக்காவை அம்மா என்று கூப்பிட்டாள். என்னையும் அம்மா என்றுதான் சொன்னாள், எழுத்தை வாசிப்பதைப் போல. பக்கத்தில் இருத்தி மம்மணியின் கதையைத் தொடங்கினேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஏன் மகள், நல்லமில்லையா?"

"இப்பிடி இல்ல."

"எப்பிடி?"

"நீங்க டெலிபோன்ல சொல்லுங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை அவள். நான் என்னுடைய டெலிபோனை எடுத்துக்கொண்டு வளவின் கடைசிக்கு, முருங்கை மரத்தடிக்குப் போனேன். அக்காவுடைய டெலிபோனுக்குக் கோல் எடுத்தேன். மகள் வீட்டுக்குள் இருந்து எடுத்தாள். ஓடிப்போன வீடு ஒன்று கடலுக்குள் இறங்கிய கதையைச் சொன்னேன். "மறுகா?" என்றாள். அவளுடைய குரல் காதில் ஒருமுறையும் யன்னலால் ஒருமுறையும் இரண்டு தடவை கேட்டது. அந்த மாதம் முழுக்க அப்படித்தான் கதைத்துக்கொண்டோம். வேலிக்கு அங்கால் போனவர்கள் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

போன வருடம் ஒரேயடியாக வந்துவிட்டேன். அக்காவின் வளவிலேயே எனக்கு ஒரு அறை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. உயரத்தில் என்னைப் பிடித்துவிட்டாள். இனி அவளுக்குக் கதை தேவையில்லை, கார்ட்டூனும் தேவையில்லை. அக்காவிடம் போய்ப் படுப்பாள். சாப்பிட மட்டும் என்னிடம் வருவாள். "உப்புக் காணுமா?" "ஓம்." மறுபடியும் பழைய வாக்குமூலம்தான்.

அந்த நாட்களில் என்னிடம் ஒரு கள்ளப் பழக்கம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போனதும் டெலிபோனில் அந்தக் கார்ட்டூனைத் தேடிப் பார்ப்பேன். இப்போது எனக்கு அரபு விளங்கும். நான் சொன்ன கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு ஏன் கால் இல்லை என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்பதேயில்லை. ஆனால் நான் பார்த்தது அவரை இல்லை. சில்லுச் சத்தம் கேட்கும்போது என் தொடை பாரத்தை எதிர்பார்க்கும். அவள் தலையின் சூடு, காய்ந்த முடியின் எண்ணெய் மணம், சிரிக்கும்போது முதுகு குலுங்குவது. என் பிள்ளை பத்தடி தூரத்து வீட்டில் வளர, நான் வேறொருவரின் பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் சொல்வது? சொன்னால், அவ்வளவு பாசமென்றால் அங்கேயே இருந்திருக்கலாமே என்பார்கள். மகளின் காதுக்குப் போனால் அதோடு முடிந்தது என்று பயந்தேன்.

அது எப்படியும் போனது. மேடம் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் செதில். மகள் சோற்றுக் கோப்பையோடு இருந்தாள்.

"டெலிபோன் அடிக்குது."

"ஆரெண்டு பாரு மகள்."

அவள் அழுத்தினாள். மேடத்தின் அரபு வேகமாக ஓடியது. பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல். கொஞ்சம் தடித்திருந்தது, வளர்ந்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு அரபில் இரண்டு சொல் சொன்னாள். பிறகு, தெளிவாக, எங்கள் ஊரின் இழுப்போடு, "மறுகா?" என்றாள்.

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"ஆர் இது?"

சொன்னேன். ஒளித்து ஒளித்து எட்டு வருடம் வைத்திருந்ததை நாலு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அவளால் நடக்க ஏலாது, நான்தான் பார்த்தேன், கார்ட்டூன் அவளுடையது, நான் உன்னோடு கதைக்கும்போது பக்கத்தில் இருப்பாள்.

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"ஓம்."

மகள் எழும்பினாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"கால் சும்மா நிக்கல்ல அங்க. வேற ஆருக்கோ நடந்து குடுத்திரிக்கு."

மீனை வெட்டினேனா, கறி வைத்தேனா என்று நினைவில்லை. எட்டு நாள் அவள் சாப்பிடவும் வரவில்லை. அக்கா கோப்பையில் போட்டுக்கொண்டு போவாள். "கொஞ்சம் விடு, ஆறும்" என்பாள். ஆறாவிட்டால் என்று நான் கேட்பேன். "ஆறாட்டி நீயும் நானும் ரெண்டு பொலிசாப் போய்ப் பிடிச்சிட்டு வருவம், பேசாம இருகா" என்பாள்.

மேடத்தின் செய்தியை முழுவதும் கேட்டது அது வந்ததற்கு அடுத்த நாள்தான். புதிதாக வந்த ஆளின் கையால் பிள்ளை சாப்பிடுவதில்லை. இரண்டு வருடத்துக்கு வரச் சொல்லிக் கேட்டிருந்தார். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மிச்சமெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

போவதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பாஸ்போர்ட்டைத் தேடினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, என்றாலும் அதுதான் நடந்தது. திகதி முடிந்துவிட்டதா என்று பார்க்க, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தேன். டின் இருந்தது, அடையாள அட்டை இருந்தது, மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை. மெத்தையைப் புரட்டினேன். அரிசிப் பானைக்குள் கை விட்டேன். களவுபோய், யாரோ என் பெயரில் எங்கேயோ போய், என்னைப் பொலிஸ் பிடிக்கும் வரைக்கும் மனம் ஓடிவிட்டது.

ஒன்பதாம் நாள் மகள் சாப்பிட வந்தாள். நான் கட்டிலுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததையா தேடுறீங்க?"

சோற்றைப் போட்டுக்கொண்டு குந்தினாள். மெல்லத் தின்றாள். பிறகு கேட்டாள்: "அவவ இப்ப ஆர் தூக்கிற?"

"புதுசா ஒராள் வந்திரிக்காம்."

"பாரமா அவ?"

"இப்ப பாரமாத்தான் இரிப்பா. வளந்திட்டாவே."

"என்ன விடவா?"

"உன்னத் தூக்கிப் பாத்தாத்தானே தெரியும்."

சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவளுடைய பள்ளிக்கூடப் பையைத் திறந்தேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்ததுதான், வேவு பார்க்கவில்லை. பெட்டிக்குக் கீழே கணக்குக் கொப்பி. கொப்பியின் உறைக்குள் ஏதோ தடிப்பாக இருந்தது. என்னுடைய பாஸ்போர்ட்.

நிலத்திலேயே இருந்துவிட்டேன். எத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்! வீட்டில் வைத்தால் நான் கண்டுபிடித்துத் திரும்பவும் அங்கே போய்விடுவேன் என்று தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறாள். இடைவேளைக்கு வெளியே போகும்போது பையை யார் பார்த்தார்கள்? ஒருவேளை அவள் வெளியே போகவேயில்லையோ?

வெளியே மாரி மழை. அவள் போவது சைக்கிளில். அந்தப் பையின் அடி ஒரு பக்கம் நைந்திருந்தது. ஈரம் பட்டால் என் படம் அழியும், முத்திரைகள் ஊறும், பிறகு அது எதற்கும் உதவாது. உதவாமல் போனால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. என் கை அதைக் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து நல்ல தடித்த பொலித்தீன் சொப்பிங் பேக் ஒன்றை எடுத்து, பாஸ்போர்ட்டை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, கணக்குக் கொப்பியின் உறைக்குள் இருந்தபடியே திருப்பி வைத்தேன். நாளைக்குப் பையைத் திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தெரியும் என்று.

அன்று மாலையே மேடத்துக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பாஸ்போர்ட் என் கையில் இல்லை என்றேன். அது பொய்யில்லை. பிள்ளைக்குத் தனியாக ஒன்று அனுப்பினேன். தலையை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் உனக்கு விழுங்க முடியும், சோற்றை ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இதைப் புது ஆளிடம் நீயே சொல், வெட்கப்படாதே என்றேன். பதில் வந்தது. அதில் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை மகள் பையைத் தூக்கினாள். மழைச்சட்டையைப் போட்டாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் எந்த நேரம் திறந்து பார்த்தாளோ தெரியாது. பின்னேரம் நனைந்து வந்து, பையைக் கதவு மூலையில் வைத்துவிட்டு, அக்காவின் வீட்டுக்குப் போகாமல் என்னுடைய கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்துக் கொப்பி எழுதத் தொடங்கினாள்.

சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்தேன். பாஸ்போர்ட் பைக்குள்தான் இருந்தது, நான் சுற்றிய சொப்பிங் பேக்கோடு. அதற்கு மேலே, மழை உள்ளே போகாமல், இரண்டு பக்கமும் இறுக்கி, அவள் இரண்டு ரப்பர் பட்டி போட்டிருந்தாள்.